சீட்டின் மூலையில் மூன்று பென்சில் புள்ளிகள்

உங்கள் சங்க மலருக்குப் பணி அனுபவம் எழுதித் தரச் சொல்லி இளம் டாக்டர்கள் இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் என் வீட்டைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. இந்தத் தெருவில் ஒரு டாக்டர் இருக்கிறாள் என்பது பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. நானும் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் சர்க்கரை ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். யாரும் வராமல் இருப்பதும் சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

"உயிரைக் காப்பாத்தின சம்பவம் ஏதாவது எழுதுங்க மேடம்" என்றார்கள். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. பிரஸ் மெஷினில் கை மாட்டிய ஒருவரின் கதை. சொல்லிச் சொல்லி அதற்கு நல்ல மெருகு ஏறிவிட்டது. புதிதாக வேலையில் சேர்ந்த டாக்டர் யாராவது கிடைத்தால், டீ ஆறுவதற்குள் அதைச் சொல்லி முடித்துவிடுவேன். ஆனால் எப்போதும் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன். அதே கால் மணி நேரத்தில், அதே அறையில், என் மேஜைக்கு எதிரே இன்னொருத்தியும் நின்றுகொண்டிருந்தாள். அவளை விட்டுவிட்டுத்தான் சொல்வேன். இந்த முறை முழுசாகச் சொல்கிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் பரவாயில்லை, எனக்கு இனிமேல் பதவி உயர்வு எதுவும் பாக்கியில்லை.

எண்பதுகளின் ஆரம்பம். அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி ஒரு வாடகைக் கட்டடத்தில் எங்கள் தொழிலாளர் மருந்தகம் நடந்தது. நான்கு டாக்டர்கள், ஒரு கம்பவுண்டர், காயத்துக்குக் கட்டுப் போட ஒரு டிரெஸ்ஸர். திங்கட்கிழமை காலையில் வரிசை கேட்டைத் தாண்டி டீக்கடை வரை போகும். அந்த வரிசையில் பாதிப் பேர் மருந்துக்கு வருகிறவர்கள், மீதிப் பேர் காகிதத்துக்கு வருகிறவர்கள். என் மேஜை டிராயரில் இரண்டு புத்தகங்கள் இருக்கும். ஒன்றில் "ஓய்வு தேவை" என்று எழுதித் தருவோம். அது இருந்தால்தான் கம்பெனியில் வேலை போகாமல் இருக்கும். இன்னொன்றில் "வேலைக்குத் தகுதியானவர்" என்று எழுதித் தருவோம். அதைக் கையில் வாங்கிய மறுநாள் மெஷின் முன்னால் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அது சொல்லாமல் எடுத்த லீவு. அதனால் வருகிறவர்கள் யாரும் என் ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்ததில்லை. டாக்டரம்மாவின் கை டிராயருக்குப் போகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

எனக்கு மூத்த டாக்டர் ஒருவர் அங்கே இருந்தார். கெட்டிக்காரர். திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமுவதைக் கேட்டே சளியா காசமா என்று சொல்லிவிடுவார். நான் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு கேஸ் சீட்டை எடுத்து அதன் வலது மேல் மூலையைக் காட்டினார். உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு பென்சில் புள்ளி.

"இந்த ஆளுக்கு ஒடம்புல ஒண்ணும் இல்லம்மா. சர்ட்டிஃபிகேட்டுக்காக வர்றான். பேனாவுல எழுதினா யூனியன்காரங்க கேள்வி கேப்பாங்க, அதான் பென்சில். அடுத்த தடவ உங்கிட்ட வந்து, உனக்கும் அப்படித் தோணிச்சுன்னா இன்னொரு புள்ளி வை. மூணு ஆயிடுச்சுன்னா யோசிக்காத. வேலைக்குப் போன்னு எழுதிடு."

இப்போது கேட்கும்போது உங்களுக்குக் கூசுகிறதல்லவா? எனக்கு அன்று கூசவில்லை. பெரிய ரகசியக் குழுவில் சேர்த்துக்கொண்ட மாதிரி பெருமையாக இருந்தது. பொய் சொல்கிறவர்களும் இல்லாமல் இல்லை. ஒருவர் இடது காலை நொண்டிக்கொண்டு உள்ளே வந்து, காகிதத்தை வாங்கிக்கொண்டு வலது காலை நொண்டியபடி வெளியே போனார். அவருக்குப் புள்ளி வைத்தபோது நாங்கள் நான்கு டாக்டர்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஓரிரு வருஷத்தில் எனக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. திரையை விலக்கி ஆள் உள்ளே வைக்கிற முதல் அடியிலேயே நிஜமா நடிப்பா என்று என்னால் சொல்லிவிட முடியும் என்று நினைத்தேன். டாக்டருக்கு வரக்கூடாத வியாதிகளில் இது ஒன்று. வந்திருப்பது நமக்குத் தெரியாது.

தேவகி வந்தது எண்பதுகளின் நடுவில். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே. அண்ணனூரில் வீடு. சுவிட்ச் செய்கிற கம்பெனி ஒன்றில் நாள் முழுக்கச் சின்னச் சின்ன ஸ்க்ரூ முடுக்குகிற வேலை. புருஷன் பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். ஒன்றாம் வகுப்பு போகிற ஒரு பெண் குழந்தை.

"ஒடம்பு பூரா நோவுது டாக்டரம்மா" என்றாள்.

"பூரான்னா? எந்த இடம்னு சொல்லு."

"எந்த இடம்னு சொல்றது? இன்னிக்கு தோள்ல கீது, நேத்து இடுப்புல கீது. காத்தால எந்திரிச்சா யாரோ அடிச்சி போட்டா மாரி கீது."

"தூங்கறியா?"

"தூங்குறேன். தூங்குனா மாரியே இல்ல. வளையலு கூட கனமா கீதுன்னு கயட்டி வெச்சிட்டேன். ரயில்ல யாராச்சும் இட்ச்சிட்டா உயிரே போவுது. முடுக்குன ஸ்க்ரூவையே மறந்துட்டு திருப்பி முடுக்குறேன், சூப்பர்வைசரு திட்றாரு."

ரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தாள். பிரித்துப் பார்த்தேன். எல்லாமே நன்றாக இருந்தது. "எல்லாம் நார்மல். ஒடம்புல ஒரு குறையும் இல்ல, சந்தோஷமா போ" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

நல்ல செய்தியைக் கேட்டு அழுகிறவளை அதுவரை நான் பார்த்ததில்லை. வியாதி இல்லை என்றதும் இவளுக்கு ஏன் ஏமாற்றம்? லீவு கிடைக்காது என்பதால்தானே? கணக்கு எனக்குச் சட்டென்று விடை கொடுத்துவிட்டது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனதும் பென்சிலை எடுத்து மூலையில் ஒரு புள்ளி வைத்தேன். சின்னப் புள்ளிதான்.

அதற்குப் பிறகு அவள் மற்ற டாக்டர்களிடம் போனாள். யாரிடம் டோக்கன் விழுகிறதோ அவரிடம் போக வேண்டியதுதான், ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது. வலி மாத்திரை, சத்து மாத்திரை, மூன்று நாள் ஓய்வு, ஐந்து நாள் ஓய்வு என்று சில மாதங்கள் போயின.

ஒரு திங்கட்கிழமை. வரிசை டீக்கடையையும் தாண்டியிருந்தது. எங்களில் ஒருவர் விடுப்பு, இன்னொருவர் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தார். தேவகி உள்ளே வந்தாள். உட்காரவில்லை, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏயு நாளு எய்திக் குடுங்க டாக்டரம்மா. இன்னும் ரெண்டு தபா சொல்லாம நின்னா பேர அட்ச்சிருவாங்களாம்."

சீட்டைப் பார்த்தேன். மூலையில் மூன்று புள்ளிகள். மூன்று டாக்டர்கள். மூன்று பேர் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள், இனி நான் என்ன யோசிப்பது?

அந்த நிமிஷம் வெளியே கூச்சல். இரண்டு பேர் ஒருவரைத் தாங்கிப் பிடித்தபடி உள்ளே ஓடி வந்தார்கள். வலது கையை எண்ணெய்த் துணியால் சுற்றியிருந்தார்கள், துணி முழுவதும் சிவப்பு. "பிரஸ்ஸுல மாட்டிகிச்சு மேடம்" என்று ஒருவன் கத்தினான். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

தேவகி நகரவில்லை. "ஒரு தபா கை வெச்சிப் பாருங்க டாக்டரம்மா" என்றாள். "இத்தினி மாசத்துல யாருமே கை வெச்சிப் பாக்கல. எங்க நோவுதுன்னு நீங்களே பாருங்க."

நான் டிராயரைத் திறந்தேன். என் கை அங்கே போவதைப் பார்த்ததும் அவள் முகம் எப்படித் தெளிந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். நான் எடுத்தது இரண்டாவது புத்தகம். நின்றபடியே "வேலைக்குத் தகுதியானவர்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கிழித்து நீட்டினேன். "உனக்கு ஒண்ணுமில்ல. வழிய விடு" என்றேன். அவள் காகிதத்தைப் படித்தாள். ஒதுங்கி, சுவரோரமாக நடந்து வெளியே போனாள்.

அதன் பிறகு நான் எல்லாவற்றையும் சரியாகவே செய்தேன். ரத்தத்தை நிறுத்தியது, எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று ஒரே நொடியில் முடிவெடுத்தது, கம்பெனி வேனில் நானே ஏறி உட்கார்ந்து அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தபடி பட்டணம் வரை போனது. அவருக்கு நான்கு விரல்கள் மிஞ்சின. தன் தங்கை கல்யாணப் பத்திரிகையை அந்தக் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். இதுதான் நான் எல்லோரிடமும் சொல்லும் கதை. தேவகி இதில் வரமாட்டாள்.

அதற்குப் பிறகு அவள் மருந்தகத்துக்கே வரவில்லை. குணமாகிவிட்டது போல என்றுகூட நான் நினைக்கவில்லை. நினைக்கவே இல்லை, அவ்வளவுதான். எனக்கு ஆவடிப் பக்கம் மாற்றல் வந்தது, பிறகு பூந்தமல்லி. தொண்ணூறுகளின் நடுவில் பழைய அம்பத்தூர் மருந்தகத்துக்கே பொறுப்பு டாக்டராகத் திரும்பி வந்தேன். மூத்தவர் ஓய்வு பெற்றிருந்தார். பென்சில் மட்டும் ஓய்வு பெறவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் அடுத்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வருஷம் டாக்டர்களுக்காக ஒரு மாலைக் கூட்டம் நடந்தது. மூட்டு, தசை நோய்களைப் பார்க்கிற நிபுணர் ஒருவர் பேச வந்திருந்தார். முக்கால்வாசிப் பேர் கூட்டத்துக்குப் பிறகு போடுகிற சாப்பாட்டுக்காக வந்தவர்கள். நானும் அதில் சேர்த்திதான், வீட்டுக்குப் போனால் ஒற்றை ஆளுக்குச் சமைக்க வேண்டும். அவர் ஃபைப்ரோமயால்ஜியா என்ற பெயரைச் சொன்னார். அதற்கு முன் ஏதோ ஒரு பத்திரிகையில் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன், படிக்காமல் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். உடம்பெங்கும் மாதக்கணக்கில் வலி. தூங்கி எழுந்தாலும் அசதி. மறதி. தொட்டாலே நோவு. பரிசோதனைகளில் ஒன்றும் தெரியாது. அதிகம் பேர் பெண்கள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கு வளையல் இல்லாத இரண்டு கைகள் ஞாபகத்துக்கு வந்தன. அவை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

என் பக்கத்தில் இருந்த டாக்டர் என் காதருகே குனிந்து, "நம்ம சர்ட்டிஃபிகேட் வியாதிக்கு இங்கிலீஷ்ல பேர் வெச்சுட்டாங்க மேடம்" என்றார். நான்கைந்து பேர் சிரித்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தச் சிரிப்பை நான்தான் ஆரம்பித்திருப்பேன்.

எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். "ரத்தத்துலயும் தெரியாது, எக்ஸ்ரேலயும் தெரியாதுன்னா எப்படி சார் கண்டுபிடிக்கறது?"

"கை வெச்சுப் பாருங்க" என்றார் அவர். "கட்டைவிரலால, உங்க நகம் வெளுக்கற அளவுக்கு அழுத்துங்க. எங்கெங்க அழுத்தணும்னு காட்டறேன். அதுக்கு முன்னாடி அவங்க சொல்றத முழுசா கேளுங்க."

சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் பதிவேட்டு அறையைத் திறந்தேன். வேலை போனவர்களின் சீட்டுகளைத் தனிக் கட்டாகக் கட்டிப் போட்டிருப்பார்கள். வேலை போனால் கொஞ்ச நாளில் காப்பீடும் போய்விடும், அதன்பின் அவர்களை நாங்கள் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் கட்டுகளில் தேவகியின் சீட்டு இருந்தது. மூலையைக் கரையான் அரித்திருக்கக் கூடாதா என்று ஒரு ஆசை. அரிக்கவில்லை. மூன்று புள்ளிகளும் பத்திரமாக இருந்தன.

அப்போதுதான் வரிசையாக எல்லா வருகையையும் தேதி பார்த்துப் படித்தேன். முதல் புள்ளி என்னுடையது. அதற்கு முன் பரிசோதனை செய்ததாக நான் எழுதிய குறிப்பு ஒன்றும் இல்லை, ரிப்போர்ட் முடிவுகள் மட்டும். அடுத்து அவளைப் பார்த்தவர் எழுதியிருந்தது ஒரே வரி: "மேலே குறிப்பிட்டபடி." அதற்கு அடுத்தவர் அதைக்கூட எழுதவில்லை, மருந்தின் பெயர் மட்டும். இரண்டாமவர் என் புள்ளியைப் பார்த்துப் புள்ளி வைத்திருக்கிறார். மூன்றாமவர் இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறார். கடைசியில் நான் மூன்றையும் பார்த்து, மூன்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உண்மையில் அங்கே ஒரே ஒரு டாக்டர்தான் முடிவு செய்திருந்தாள். அவளும் கையே வைக்காதவள். என் சந்தேகம் இரண்டு பேர் வழியாகச் சுற்றி என்னிடமே ஆதாரமாகத் திரும்பி வந்திருக்கிறது.

அந்த அறையிலேயே ஸ்டூலைப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. யாரிடமாவது சொன்னால் தேவலை என்று இருந்தது. சொல்வதற்கு ஒரு ஆள் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சீட்டில் இருந்த விலாசத்தை வைத்துக்கொண்டு அண்ணனூர் போனேன். ரயில்வே ஷெட்டுக்குப் பின்புறம், ஒற்றை அறை வீடு. வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். பத்துப் பூ கட்டுவாள், விரல்களை உதறுவாள், மறுபடி கட்டுவாள். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"டாக்டரம்மா! இன்னா இந்தப் பக்கம்?"

கோபம் இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் எழுந்து உள்ளே போய் எனக்காக ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். காகிதத்தை வாங்கிக்கொண்டு போன பிறகு பத்து நாள்கூட வேலைக்குப் போக முடியவில்லையாம். பேரை அடித்துவிட்டார்கள். வந்துபோகிற மாமியார் "ஆஸ்பத்திரியே ஒண்ணுமில்லன்னு எய்திக் குட்துச்சே" என்று அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டே பேசினாளாம்.

"நல்லாருக்குற அன்னிக்கு லாரித் தண்ணி நாலு கொடம் தூக்குவேன்" என்றாள். "அத்த பாத்துட்டு, மறுநா படுத்தா நடிக்கிறான்றாங்க. எனக்கே சந்தேகமாப் பூட்ச்சு டாக்டரம்மா, நாமதான் நடிக்கிறோமோன்னு."

புருஷன் சண்டை போட்டு, பிறகு சண்டைகூடப் போடாமல், வில்லிவாக்கத்தில் தன் அம்மா வீட்டுக்கே போய்விட்டார். பெண்ணையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். "சோறாக்க முடியாதவகிட்ட புள்ளைய எப்டி உடறதுன்னு கேட்டாரு. அவரு கேட்டதும் நாயம்தானே?"

"கை வெச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

பூச்சரத்தைக் கையில் சுற்றிக்கொண்டாள். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

நெற்றியில் அழுத்தினேன், அங்கே வலிக்கவில்லை என்றாள். கழுத்தடியில் விரல் அழுந்தியதும் உடம்பே ஒதுங்கியது. தோள், முதுகு, முழங்கை, இடுப்பு, முழங்காலின் உட்புறம். நிபுணர் காட்டிய பதினெட்டு இடங்களில் பதினைந்தில் அவள் துடித்தாள். முடிக்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள், நானும்தான். இந்த நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது என்றேன். உயிருக்கு ஆபத்தில்லை, முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது, குறைக்கலாம் என்றேன். தைராய்டு மாதிரி வேறு எதுவும் இதற்குள் ஒளிந்திருக்கவில்லை என்று ஒரு தரம் பார்த்துவிடுவோம், அதன்பிறகு தூக்கம் சீராக ஒரு சின்ன மாத்திரை, மெல்ல மெல்லக் கூட்டுகிற நடை, முடியாத நாளில் முடியாது என்று சொல்ல அனுமதி என்று விளக்கினேன். அவள் எதையும் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை.

"அப்ப நான் நடிக்கல" என்றாள், என்னிடம் இல்லை, கையிலிருந்த பூவிடம்.

கிளம்பும்போது, "ஒரு காயிதம் எய்திக் குடுங்க டாக்டரம்மா" என்றாள்.

"இப்ப எந்தக் கம்பெனிக்கும்மா?"

"லீவுக்கு இல்ல. பொண்ணுக்கு. பெரிய கிளாசு வந்துட்டா. எப்பனாச்சும் வருவா, வந்தாலும் வாசப்படியிலயே நிப்பா. அம்மா சோம்பேறி, நடிச்சி நடிச்சி அப்பாவ தொரத்திட்டான்னு அங்க சொல்லி வெச்சிருக்காங்க. அவ கைல குடுக்கணும். சீல் வெச்சிக் குடுங்க, இல்லாட்டி நம்ப மாட்டா."

காப்பீடு இல்லாதவளுக்கு மருந்தக முத்திரை குத்தக்கூடாது. மறுநாள் குத்தினேன். தமிழிலேயே எழுதினேன். இன்ன பெயருள்ள நோய், வலி உண்மையானது, நடிப்பு அல்ல, நான் என் கையால் பரிசோதித்தேன். அண்ணனூரிலிருந்து வருகிற டிரெஸ்ஸரிடம் கொடுத்து அனுப்பினேன். மருந்தகத்தில் எத்தனையோ ஆயிரம் காகிதம் எழுதியிருக்கிறேன், இதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது.

அந்த வாரமே டாக்டர்களைக் கூப்பிட்டு, இனி சீட்டின் மூலையில் யாரும் பென்சில் வைக்கக்கூடாது என்றேன். சந்தேகம் இருந்தால் பேனாவில், காரணத்தோடு, தொட்டுப் பார்த்தது என்ன என்று எழுதிவிட்டு, கீழே கையெழுத்துப் போடுங்கள் என்றேன். ஒருவருக்கும் பிடிக்கவில்லை. "மேடத்துக்கு வயசாயிடுச்சு" என்று ஒருவர் வராந்தாவிலேயே சொன்னார். ஓய்வுச் சான்றிதழ் அதிகம் போகிறதென்று மேலே இருந்து விளக்கம் கேட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து, நான் வந்ததும் பேச்சை நிறுத்த ஆரம்பித்தார்கள். நானாகவே என் அறையில் சாப்பிடப் பழகிக்கொண்டேன். ஓய்வு பெறும் வரை அப்படித்தான். அதைத் தியாகம் என்று நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். தேவகிக்கு எட்டு வருஷம் யாரும் துணையில்லை, எனக்கு ஒரு சாப்பாட்டு வேளைதான் துணையில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த நோயின் பெயர் எனக்கு அன்று தெரியாது, அது என் தவறு இல்லை. நாளைக்கு உங்களுக்கும் பெயர் தெரியாத ஏதோ ஒன்று எதிரே வந்து நிற்கும். இன்றைக்கு அந்தப் பதினெட்டு இடங்களை எண்ண வேண்டியதில்லை என்கிறார்கள், வேறு விதமாகக் கண்டறிகிறார்கள் என்று படித்தேன். நல்லது. ஆனால் எனக்குத் தெரியாத நோய் என்று சொல்ல வேண்டிய இடத்தில், உனக்கு நோயே இல்லை என்று சொன்னேன் பாருங்கள், அது தவறு. கை வைத்துப் பார் என்று ஒருத்தி கேட்டும் வைக்கவில்லை, அது தவறு. ரிப்போர்ட் நார்மல் என்று கேட்டு யாராவது அழுதால், பென்சிலைத் தேடாதீர்கள். கூட ஐந்து நிமிஷம் உட்காருங்கள். வரிசை டீக்கடை வரை நின்றாலும் உட்காருங்கள். ரத்தம் கொட்டுகிறவரைப் பார்க்க எழுந்து ஓட வேண்டியிருந்தால் ஓடுங்கள், ஆனால் "இரும்மா, வந்துடறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடுங்கள். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அந்தக் காகிதம் போய் ஒரு மாதம் இருக்கும். மாலை நேர வரிசை முடிந்து நான் கிளம்பும் சமயம், பள்ளிக்கூடத் தாவணியில் ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். பதினான்கு வயது இருக்கும். ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். மடிப்பில் முத்திரை கொஞ்சம் கலைந்திருந்தது.

"இத்த எய்துனது நீங்களா?"

"ஆமாம்."

"எங்கம்மா மெய்யாலுமே நடிக்கலியா?"

"இல்லம்மா. நெஜமாவே வலி."

"கை வெச்சிப் பாத்தீங்கன்னு அம்மா சொல்ச்சு."

"பாத்தேன்."

"எப்போ?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. சீட்டில் தேதி போடாமல் எத்தனையோ எழுதியிருக்கிறேன். இவளிடம் அது முடியவில்லை. "போன மாசம்" என்றேன்.

அவள் கணக்குப் போட்டாள், உதடு அசைந்தது. "அம்மாக்கு வேல போவசொல்ல நான் ஒண்ணாங் கிளாசு. அப்போ ஏன் பாக்கல?"

மூன்று டாக்டர்கள், திங்கட்கிழமை வரிசை, பிரஸ்ஸில் மாட்டிய கை எல்லாம் என் வாய் வரை வந்தன. "பாத்திருக்கணும்மா. பாக்கல. என் தப்புதான்" என்றேன்.

மன்னித்த மாதிரியும் இல்லை, கோபித்த மாதிரியும் இல்லை. காகிதத்தை மடித்து, பென்சிலுக்கும் காம்பஸுக்கும் நடுவில் வைத்து, பாக்ஸை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

பத்து நிமிஷம் கழித்து நான் அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் போனபோது அவள் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தாள். வில்லிவாக்கம் போவதென்றால் பட்டணத்துப் பக்க நடைமேடையில் இறங்க வேண்டும். நான் ஆவடிப் பக்கம் இறங்கிப் போய் நின்றேன். பட்டணத்து வண்டி வந்தது, போயிற்று. அவள் பாலத்திலேயே நின்றாள். ஆவடி வண்டியின் விளக்கு தூரத்தில் தெரிந்ததும் மடமடவென்று என் பக்கப் படியில் இறங்கி வந்தாள். என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வரவில்லை, பெண்கள் பெட்டியின் மறுகோடியில் ஏறிக்கொண்டாள்.

திருமுல்லைவாயிலில் நிறையப் பேர் இறங்கினார்கள். அண்ணனூரில் அவள் இறங்கினாள். ஜியாமெட்ரி பாக்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு, ஷெட் பக்கம் போகிற வழியில் வேகமாக நடந்தாள். திரும்பிப் பார்ப்பாளா என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், பார்க்கவில்லை. வண்டி கிளம்பியது. பெட்டியில் நான் மட்டும் இருந்தேன், ஆவடி வரை அப்படியே போனேன்.